தமிழ் வாசிக்கும் கணினி

மேடத்துக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டுச் சொல்லுங்கக்கா என்கிறான் கணினிக் கடைக்காரன். என்னிடம் இல்லை, அக்காவிடம். நான் அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நிற்கிறேன். அவன் குடித்த டீயின் இஞ்சி வாசனைகூட எனக்கு வருகிறது. ஆனால் கேள்வி மட்டும் என்னைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போகிறது. முப்பத்தைந்து வருஷமாக எல்லாக் கேள்வியும் இப்படித்தான் போகிறது. அவங்க காபி குடிப்பாங்களா, அவங்க கையெழுத்துப் போடுவாங்களா, அவங்களுக்கு ஜன்னலோரம் வேணுமா. அக்காவும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். இப்போதும் சொல்கிறாள், "அவளுக்கு நீலம்னா உசிரு" என்று. எனக்கு நீலம் உயிர் என்று யார் சொன்னது? ஒன்பது வயசில் காய்ச்சல் வந்து பார்வை போகிறவரை நீலத்தில் ஒரு பாவாடை வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் நீலம் என்னவாயிற்று என்று எனக்கே தெரியாது, என் அக்கா பிரமுவுக்குத் தெரியுமாம். "எனக்குக் காது நல்லாக் கேக்கும், எங்கிட்டயே கேளுங்க" என்கிறேன். நினைத்ததைவிடச் சூடாக வந்துவிடுகிறது. "ஸாரி மேடம்" என்று அவன் பின்வாங்குகிறான். அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்துகிறாள், எதுக்குட்டி இப்படி எரிஞ்சு விழுத என்று அர்த்தம். அந்தக் கையை உதறத் தோன்றுகிறது. உதறவில்லை. உதறினால் ஏன் என்று கேட்பாள், கேட்டால் சொல்லிவிடுவேன், சொன்னால் இந்தக் கடை நடுவிலேயே உட்கார்ந்து அழுவாள், அவளைத் தேற்றி எழுப்புவதற்குள் மணி ஐந்தாகிவிடும். ஐந்து மணிவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவுகிறேன். நாலு தாண்டி ஐந்து நிமிஷம்.

காலையில் அக்கா மாவு அரைக்கப் போயிருந்த அரைமணி நேரத்தில்தான் ரஹ்மத் நிஷா கூப்பிட்டாள். நானும் அவளும் ஒரே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்கள். நான் வரலாறு, அவள் வணிகவியல். "உலகு, கோயம்புத்தூர் வேலை உனக்குத்தான்னு லெட்டர் போட்டுப் பதினோரு நாளாச்சாமே. எங்க மச்சினி அந்தக் காலேஜ் லைப்ரரியிலதான இருக்கா, அவ காதுல விழுந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உன் மெயில்ல இருந்து பதில் போகணுமாம். இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிருமாம். நீ என்ன இப்படி இருக்க?" நான் எப்படி இருக்கிறேன்? நான் தினமும் சாயங்காலம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன். கோயம்புத்தூர்ல இருந்து எதாவது வந்திச்சாக்கா என்று கேட்கிறேன். இன்னும் வரலட்டி, வந்தாச் சொல்லமாட்டேனா என்கிறாள் அக்கா. ஐப்பசி மழையில் இடி விழுந்து என் பழைய கணினி கருகிப்போனதிலிருந்து என் மின்னஞ்சலை அவள்தான் தன் போனில் வாசிக்கிறாள். அந்தப் போனும் என்னுடையதுதான். தொடுதிரை போன் என்று ஆசையாக வாங்கி, ஒரு வாரம் அந்த வழவழப்பைத் தடவித் தடவி வெறுத்துப்போய், நீயே வச்சுக்கோ, எனக்குப் பட்டன் போன் போதும் என்று நான்தான் கொடுத்தேன். என் கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தேன். என்ன அழகாக வாசித்தாள்! கரண்ட் பில் வந்தது, வாசித்தாள். மாணவி ஒருத்தி சந்தேகம் கேட்டது, வாசித்தாள். ஏதோ சேலைக் கடையில் ஆடித் தள்ளுபடி என்று வந்த பழைய விளம்பரத்தைக்கூட ஒரு புள்ளி விடாமல் வாசித்தாள். பதின்மூன்று வருஷம் ஒவ்வொரு ஜூனிலும் இந்த வருஷம் என்னை வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டு நின்றவளுக்கு ஒரு நிரந்தர வேலை வந்திருக்கிறது, அதை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். பாஸ்வேர்டைச் சொல்லு, நான் பதில் போட்டுவிடுகிறேன் என்றாள் ரஹ்மத். வேண்டாம் என்றேன். பைத்தியமா உனக்கு என்றாள். பைத்தியம்தான். இன்னொருத்தி கண், இன்னொருத்தி கை, அதற்கு அக்கா ஒருத்தி போதாதா? என் கடிதத்தை நான் படிப்பேன், என் பதிலை நான் எழுதுவேன், முடியாவிட்டால் அந்த வேலையே போகட்டும். போனை வைத்த பிறகு, போகட்டும் என்று சொன்ன வாயை அறையலாம்போல இருந்தது.

மத்தியானமே கிளம்பலாம் என்றேன். பொங்கலுக்கு வாங்குவதாக இருந்த கணினிதானே, இன்னைக்கே வாங்கிருவோம்க்கா என்றேன், குரலில் எதுவும் தெரியாமல். அவள் சேலை மாற்றினாள், பின் குத்தினாள், பின்னைக் காணோம் என்று தேடினாள், ஆட்டோ எதுக்கு, பஸ் வரும் என்று பாளையங்கோட்டை வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்தாள். அவளுக்கு அவசரமில்லை. இன்றைக்கு என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெரிந்துகொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து என் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். நானும் தின்றுகொண்டு வந்தேன். "இது பாருங்க மேடம், பதினஞ்சரை இஞ்ச் ஸ்கிரீன், கலரெல்லாம் சும்மா கண்ணைப் பறிக்கும்" என்கிறான் கடைக்காரன். சுடலைமணி என்று யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், நாற்பது வயசு இருக்கும். "பறிக்கதுக்கு எங்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல" என்கிறேன். அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தொண்டையைச் செருமுகிறான். பாவம், அவன் மேல் என்ன தப்பு? இருந்தாலும் இன்றைக்கு யார் எதிரில் வந்தாலும் கடிக்கிற நிலையில் இருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்துத் திறந்த நிமிஷமே பேச வேண்டும். தனியாக ஒரு மென்பொருள் வாங்கி, அதன் அட்டையில் இருக்கிற இருபது எழுத்தை ஒரு கண்ணுள்ள ஆள் வாசித்து, அதை இன்னொரு கண்ணுள்ள ஆள் அடித்து, அதற்கப்புறம் வாய் திறக்கிற கணினி வேண்டாம். அப்படி ஒன்றைத்தான் ஏழு வருஷம் வைத்திருந்தேன். அதற்கு ஒவ்வொரு தடவை வாய் அடைத்துப்போகும்போதும் யாராவது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் உள்ளதை வாசிக்கிற குரல் கணினிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இரண்டு விசையை அழுத்தினால் எழுந்திருக்க வேண்டும். "அப்படியெல்லாம் இதுல வராது மேடம், அதுக்குத் தனியா ஏத்தணும்" என்கிறான். நான் கீழ்வரிசை விசைகளைத் தடவி இரண்டைச் சேர்த்து அழுத்துகிறேன். கணினி சத்தமாகப் பேச ஆரம்பிக்கிறது. "அட" என்கிறான் சுடலைமணி. எத்தனை வருஷமாக இதை விற்கிறானோ.

"நீ பாத்துக்கிட்டிரு, நான் அங்கன சோபாவுல இருக்கேன், முட்டி வலிக்கு" என்று அக்கா போகிறாள். போ. கடைக்காரனிடம் காதில் மாட்டுகிற ஒலிவாங்கி கேட்கிறேன், இல்லை இல்லை, ஒலிவாங்கி இல்லை, ஹெட்போன், கோபத்தில் வார்த்தைகூடத் தடுமாறுகிறது. கொண்டுவந்து தருகிறான். உட்கார நாற்காலி, கடையின் வைஃபை, எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். விசைகள் ஆழமில்லாமல் இருக்கின்றன, தட்டினால் தட்டினோமா என்றே தெரியவில்லை. வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனிக் கட்டம் ஒன்றை வைத்து மற்ற எல்லாவற்றையும் இடது பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள், விரல்கள் வீடு மாறிய பூனையாய் அலைகின்றன. உள்ளங்கை பட்டால் போதும், கீழே இருக்கிற தடவு பலகை என்னை வேறெங்கோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மூன்று தடவை தப்பான இடத்தில் போய் விழுந்து நாலாம் தடவை மின்னஞ்சலைத் திறக்கிறேன். பாஸ்வேர்டை அடிக்கிறேன். கோயம்புத்தூர். இருக்கிறது. பதினோரு நாள் முந்திய தேதி, ஏற்கனவே திறக்கப்பட்ட கடிதம். ஆங்கிலத்தில் குரல் வாசிக்கிறது. வரலாற்றுத் துறையில் உதவிப் பேராசிரியராக உங்களைத் தேர்ந்தெடுத்ததில் மகிழ்ச்சி. விடுதி வளாகத்திலேயே தங்க இடம். உங்கள் நேர்முகத் தேர்வைக் குழு மிகவும் பாராட்டியது. மிகவும் என்ற இடத்தில் திரும்பப் போய் மறுபடி கேட்கிறேன். எனக்கு வந்த பாராட்டு பதினோரு நாளாக அக்காவின் இடுப்பில் செருகிய போனுக்குள் கிடந்திருக்கிறது. இன்று ஐந்து மணிவரை அந்த இடம் உங்களுக்கே, அதற்கப்புறம்தான் அடுத்த ஆள் என்பதையும் வாசிக்கிறது. கடிதம் முடிந்து கீழே இறங்கினால் அங்கே இன்னொன்று இருக்கிறது. அனுப்பியவர், உலகம்மாள். அனுப்பிய நாள், ஒன்பது நாள் முன்னால். அதற்குள் போகிறேன். கணினி ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய்க் கீழே வருகிறேன். ஒரு காற்புள்ளி என்கிறது, ஒரு முற்றுப்புள்ளி என்கிறது, நடுவில் உள்ளதை விழுங்கிவிடுகிறது. தமிழில் எழுதியிருக்கிறது. இந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது.

அப்படியானால் அவள் வாசிக்காமல் விட்டது மட்டுமில்லை. பதிலும் எழுதியிருக்கிறாள். என் பேரில். என்ன எழுதியிருக்கிறாள்? காற்புள்ளி, முற்றுப்புள்ளி, முற்றுப்புள்ளி. ஒருவேளை நல்லதாக இருக்குமோ, கொஞ்சம் அவகாசம் கேட்டிருப்பாளோ, என்னிடம் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பாளோ என்று மனசு அசட்டுத்தனமாக அவளுக்கு வக்காலத்து வாங்குகிறது. வாங்காதே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு எனக்காகப் பி.ஏ. புத்தகங்களை வாசித்தவள் அவள். தொண்டை கட்டிப்போய், பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு, புரியாத பாண்டியர் செப்பேடுகளையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தவள். கல்யாணமாகிப் போன இடத்திலிருந்தும் சனி ஞாயிறு வந்து வாசித்தாள். அத்தான் இறந்த பதினாறாம் நாள் வந்து, உனக்குப் பரீட்சை இருக்குல்லா என்று புத்தகத்தை எடுத்தாள். இதையெல்லாம் நான் மறக்கவில்லை, எனக்கு மறக்க வழியும் இல்லை, பார்க்கிறவர்கள் எல்லாரும் அக்காவைக் கையெடுத்துக் கும்பிடணும் நீ என்று நினைவுபடுத்தாமல் விட்டதில்லை. கும்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் கதைப் புத்தகம் வாசிக்கும்போது சில இடங்களில் குரல் ஒரு நொடி நின்று பிறகு வேகமாகப் போகுமே. ஏதோ கசமுசா பக்கத்தைத் தாண்டுகிறாள் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்த ஒரு நொடி வேறு எங்கெல்லாம் நின்றது? எம்.ஏ. முடித்த வருஷம், கூடப் படித்த தேவசகாயம் மாசம் ஒரு கடிதம் போட்டான், பிறகு நிறுத்திவிட்டான். நிறுத்தினானா? நிறுத்தியதாக அக்கா சொன்னாள். பதினோரு நாளா, இருபது வருஷமா, முப்பத்தைந்து வருஷமா? எனக்குத் தெரிந்த உலகம் என்பது அவள் வாசித்த உலகம். அதில் என்னென்ன விட்டுப்போயிற்று என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்? அழுகை வரும் என்று நினைத்தேன், வந்தது ஆத்திரம். "தமிழ் வாசிக்கது இருக்கா? இங்கிலீஷ் மட்டும் இல்ல, தமிழ். எடுத்துட்டு வாங்க, சீக்கிரம்." முள்ளைத் தடவுகிறேன். நாலரை தாண்டிவிட்டது.

"ஒண்ணு இருக்கு மேடம், ஆனா அது ஸ்கிரீன் சின்னது" என்கிறான். சின்னதாக இருந்தால் என்ன, இல்லாமலே இருந்தால் என்ன. கொண்டுவந்து வைக்கிறான். கனமாக, சில்லென்று, மூலைகள் வழுவழுப்பாக இருக்கிறது. விசைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக விரலுக்குப் பதில் சொல்கின்றன. எண் கட்டம் கிடையாது, என் கை போய் உட்காருகிற இடத்தில் எல்லாம் இருக்கிறது. இதிலும் குரல் உள்ளேயே உண்டு. அமைப்புக்குள் போய்த் தேடினால் தமிழ் இருக்கிறது, ஒரு பெண்குரல், ரேடியோ செய்தி மாதிரிக் கொஞ்சம் விறைப்பு. அதோடு, முன்பு கணினிப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கேட்ட இன்னொன்றும் இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவர்கள் எட்டிப் பார்க்காமல் திரையை இருட்டாக்கிவிட்டு உள்ளே வேலை செய்யலாம். அழுத்துகிறேன். "அய்யோ மேடம், ஆஃப் ஆயிட்டு, எதையோ அமுக்கிட்டீங்க" என்று சுடலைமணி பதறுகிறான். "ஆகல. கையை எடுங்க. உள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்கிறேன். அவன் நம்பாமல் அங்கேயே நிற்பது தெரிகிறது. நிற்கட்டும். மின்னஞ்சலைத் திறந்து, கோயம்புத்தூரைத் தேடி, அதன் கீழே என் பேரில் கிடப்பதற்குள் இறங்குகிறேன். விறைப்பான பெண்குரல் வாசிக்கிறது. மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. ஆனால் என்னால் வர இயலாத நிலை. எனக்குப் புது ஊரில் வழி தெரியாது. சமைக்கத் தெரியாது. தெருவைத் தாண்டத் தெரியாது. என் அக்கா சிறு வயது முதல் என்னைப் பார்த்து வருகிறாள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு நாளும் விடியாது. ஆகவே வேறு நல்ல ஆளைப் போட்டுக்கொள்ளவும். இப்படிக்கு உலகம்மாள்.

தெருவைத் தாண்டத் தெரியாதாம். பதின்மூன்று வருஷமாகச் சமாதானபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி இரண்டு பக்கமும் லாரி போகிற ரோட்டைத் தனியாகத் தாண்டுகிறேன். சமைக்கத் தெரியாதாம், அவள் டைபாய்டில் கிடந்த இருபத்தெட்டு நாளும் கஞ்சி யார் வைத்தது? முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் இதைப் படித்துவிட்டு, பாவம், நாம்தான் ஆள் தெரியாமல் கூப்பிட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பார். அதுகூடப் பரவாயில்லை. விடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறாளே, அதை எப்படி எழுதினாள்? நான் அவளிடம் அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததற்கு வருத்தப்பட்டாளா, சொல்லவேண்டிய இடத்தில் தானே சொல்லிக்கொண்டாளா, மச்சு அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடி என் வாயால் தனக்கே எழுதிக்கொண்டாளா? இரங்காதே. இரங்கினால் கை நின்றுவிடும். மணி நாலு ஐம்பது. அடிக்கிறேன். இந்த விசைகளில் விரல் வழுக்காமல் ஓடுகிறது. ஐயா, இதற்கு முன் என் பேரில் வந்த பதிலை நான் எழுதவில்லை. தங்கள் கடிதத்தை இன்றுதான் நானே வாசித்தேன். பணியை ஏற்கிறேன். தெருவைத் தாண்டுவேன் என்று ஒரு வரி சேர்த்து, அதை அழித்து, மறுபடி சேர்த்துவிட்டு அனுப்புகிறேன். அனுப்பப்பட்டது என்கிறது குரல். அவ்வளவுதான். கோபம் மட்டும் ஒரு பொட்டும் குறையவில்லை, அனுப்பிவிட்டால் குறையும் என்று நினைத்தேன்.

செருப்புச் சத்தம் வருகிறது, வலது காலை இழுத்து வைக்கிற சத்தம், அக்கா. "என்னட்டி இவ்வளவு நேரம்? பேசுதா?" என்று என் தோளில் கையை ஊன்றிக் குனிகிறாள். வேர்க்கடலை வாசனை. "இது என்ன, கறுப்பாக் கெடக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே." இதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பயம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அவள் என்னை விட்டுவிட்டு வெளியே போனபோது எனக்கு வந்த அதே பயம். ஐயோ பாவம் என்று வரவில்லை எனக்கு. "எனக்குத் தெரியுதுக்கா. நான் வாசிக்கேன், நீ கேளு" என்கிறேன். ஹெட்போனில் அந்தப் பெண்குரல் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, அவள் எனக்குப் புத்தகம் வாசிக்கிற அதே இழுவையில் நான் திருப்பிச் சொல்கிறேன். மதிப்பிற்குரிய ஐயா. தங்கள் கடிதம் கிடைத்தது. தோளில் இருந்த கை எடுபடுகிறது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் என்னால் வர இயலாத நிலை. "உலகு" என்கிறாள். நான் நிறுத்தவில்லை. வழி தெரியாது, சமைக்கத் தெரியாது, தெருவைத் தாண்டத் தெரியாது. சுடலைமணி ஒன்றும் புரியாமல் நிற்கிறான். என் அக்கா சிறு வயது முதல் என்னைப் பார்த்து வருகிறாள். காதில் அடுத்த வரி வருகிறது, முழுசாக, தெளிவாக. நான் ஒரு நொடி நின்று, ஆகவே வேறு நல்ல ஆளைப் போட்டுக்கொள்ளவும், இப்படிக்கு உலகம்மாள் என்று முடிக்கிறேன். பில் போடுங்க, இதுதான் வேணும் என்று கடைக்காரனிடம் சொல்கிறேன். அவன் போகிறான். அக்கா அழவில்லை. ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது.

"நடுவுல ஒரு வரிய விட்டுட்டட்டி" என்கிறாள்.

"ஆமா" என்கிறேன்.